மூன்று பேருக்கு எத்தனை லாரி

மாடியில் குடியிருந்த ஒரு வயதான அம்மாவின் சர்க்கரை வியாதிதான் என் வீட்டு செப்டிக் டேங்கை நிரப்புகிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்க நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். சந்தேகமெல்லாம் இல்லை, முழு நம்பிக்கை. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் பண்ணியிருப்பேன்.

வீடு சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலையிலிருந்து மூன்று தெரு உள்ளே. கீழே நானும் மனைவியும். மாடியில் வாடகைக் குடித்தனம். பாதாளச் சாக்கடை எங்கள் தெருவுக்கும் வரும் என்று வீடு கட்டிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது வரும்வரை அவரவர் கழிவு அவரவர் வாசலுக்கடியில். எங்கள் தொட்டி, கார் நிறுத்துகிற இடத்தில் டைல்ஸுக்குக் கீழே இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லாரி வரும், உறிஞ்சும், போகும். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பணத்தை நீட்டுவேன். அதற்கு மேல் எனக்கும் அந்தத் தொட்டிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அந்த வருடம் ஆனியில் மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அவருக்குத் திருமழிசை தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர் வேலை. அவர், மனைவி, அவருடைய அம்மா என்று மூன்றே பேர். அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது, சர்க்கரை வேறு. வீடு பார்க்க வந்த அன்று மகன் ஹாலையும் பார்க்கவில்லை, சமையலறையையும் பார்க்கவில்லை. நேரே பின்னறைக்குப் போய், அதை ஒட்டிய பாத்ரூமைத் திறந்து, வெஸ்டர்ன் கோப்பையில் ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணிப் பார்த்தார். தண்ணீர் சுழன்று இறங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மைக்கு இது போதும் அண்ணாச்சி. ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு தடவ எந்திரிப்பா. பழைய வீட்டுல பாத்ரூம் வெளிய இருந்துச்சு. ரெண்டு தடவ விழுந்துட்டா."

"தாராளமா இருங்க தம்பி," என்றேன்.

அந்தத் தாராளம் ஐப்பசி வரை தாங்கியது.

மழை பிடித்த மூன்றாம் நாள் காலை, கீழ்வீட்டுக் கழிப்பறை ஒரு சத்தம் போட்டது. 'குளுக்' என்று, வயிறு சரியில்லாதவன் சபையில் அடக்கிக்கொள்வானே, அப்படி. ஃப்ளஷை அழுத்தினேன். இறங்க வேண்டியது ஏறியது. விளிம்பு வரை வந்து நின்று, மேலே வரலாமா வேண்டாமா என்று யோசித்தது. லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வேணாம், வேணாம், அப்படியே போயிடு" என்று அதனிடம் கெஞ்சினேன். நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் பொறுப்பாளன். யாரையும் பேசிச் சிரிக்க வைத்துவிடுகிற ஆள் என்று கம்பெனியில் எனக்குப் பெயர். கோப்பை சிரிக்கவில்லை. விளிம்பைத் தாண்டி என் கால் கட்டைவிரலைத் தொட்டது.

அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர் பாம்பு என்று நினைத்துக் கட்டையோடு வந்தார்.

லாரி வந்தது. ஓட்டி வந்தவர் என் வயதுக்காரர். வெகுகாலமாக எங்களுக்கு வருகிறவர். ஒரு லோடு இழுத்துக்கொண்டு போனார். நிம்மதி ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் மறுபடி 'குளுக்'. மறுபடி லாரி. அப்புறம் ஆறு நாள். அப்புறம் நாலு. ஒவ்வொரு முறையும் நாலு பெரிய நோட்டு. மளிகைக்காரரைவிட அடிக்கடி லாரிக்காரர் வந்துபோகிற வீடாக எங்கள் வீடு ஆயிற்று. தெருவில் போகிறவர்கள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு "மறுபடியுமா?" என்று தலையை ஆட்டிக் கேட்பார்கள். நானும் தலையை ஆட்டுவேன்.

மூன்றாவது முறையா நாலாவது முறையா தெரியவில்லை, லாரிக்காரர் குழாயைத் தொட்டிக்குள் விட்டுவிட்டுக் கேட்டார்.

"இன்னா சார், இப்பத்தான வந்து இஸ்துகினு போனேன்? ஊட்ல எதனா கல்யாணமா?"

"கல்யாணமெல்லாம் இல்லப்பா."

"அப்ப ஓட்டலு எதனா வெச்சிகீறியா?"

"மேல குடித்தனம் இருக்கு."

"எத்தினி பேரு?"

"மூணு பேர்."

"மூணு பேருக்கு இத்தினி லாரியா? யானை எதனா வளக்குறாங்களா மேல?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒருவர் ஜோக் அடித்து நான் சும்மா இருந்ததாக வரலாறு கிடையாது.

"ஒரே ஒரு யானைதான்," என்றேன். "வயசான யானை. மணிக்கு ரெண்டு தடவ மாவுத்தன் இல்லாமலே குளத்துக்குப் போயிடும்."

லாரிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பம்பு ஓடுகிற சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் உரக்கவே சொல்லியிருந்தேன். நிமிர்ந்தபோது மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு ஈரத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காயப்போட்டுவிட்டு ஒரு கை அப்போதுதான் உள்ளே போனது. எலும்பும் தோலுமான கை.

கேட்டிருக்காது என்று சொல்லிக்கொண்டேன். பம்பு அவ்வளவு சத்தமாக ஓடும்போது எப்படிக் கேட்கும்?

குழாயைச் சுருட்டும்போது லாரிக்காரர் இன்னொன்றும் சொன்னார். "சார், சரக்கே இல்ல. வெறுந்தண்ணியா வருது. இன்னான்னு பாரு."

நல்ல புத்தி உள்ளவன் அங்கே ஒரு நிமிடம் நின்றிருப்பான். நான் துள்ளிக் குதித்தேன். "அதான் நானும் சொல்றேன்! எவ்ளோ தண்ணி ஊத்தறாங்க பாரு!" என்று மாடியைக் காட்டினேன். எனக்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

மாடிக் குழாய் எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டித்தான் இறங்குகிறது. மேலே ஒரு ஃப்ளஷ் இழுத்தால் கீழே சுவருக்குள் அருவி. அந்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்தேன். நாலு நேர்கோடு, குறுக்கே ஒன்று. மத்தியானத்துக்குள் பதினொன்று. மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"நீங்க எத்தனை தடவ போனீங்கன்னு யாராவது எழுதினாங்களா?" என்றாள்.

"நான் வீட்டுக்காரன்."

"அதனால?"

அதனால் என்ன என்று எனக்கே தெரியாததால் மாடிப்படி ஏறுகிற இடத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினேன். கண்டிப்பாக எழுதினால் மனசு புண்படும் என்று வேடிக்கையாக எழுதினேன். 'ஃப்ளஷ் கோயில் மணி அல்ல. வரும்போதும் போகும்போதும் அடிக்க வேண்டாம். இப்படிக்கு, தொட்டி.' எழுதி முடித்து நானே நாலு முறை படித்து ரசித்தேன். செல்போனில் படம் பிடித்துக் கம்பெனி குரூப்பில் போட்டேன். முப்பது பேர் சிரித்தார்கள்.

தொட்டிக்கு வைத்தியமும் நடந்தது. சாணத்தைக் கரைத்து வெல்லம் போட்டு ஊற்றினால் கிருமிகள் பெருகிக் கழிவையெல்லாம் தின்றுவிடும் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். கிருமிக்கு இன்னும் நல்ல சாப்பாடாக இருக்கட்டுமே என்று புளித்த மாவையும் சேர்த்தேன்.

"இட்லிக்கு வெச்ச மாவு எங்க?"

"டேங்குல."

மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தொட்டி மூன்றாம் நாள் நிரம்பியது. இந்த முறை லேசாக இட்லி வாசனையோடு.

ஆனால் அறிவிப்பு வேலை செய்தது. பதினொன்றாக இருந்த கோடு எட்டானது. எட்டு ஐந்தானது. அடுத்த வாரம் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மூன்றே கோடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டோர்ஸில் எல்லோரிடமும் சொன்னேன், சொல்கிற விதத்தில் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள் என்று. தொட்டி மட்டும் குறையவில்லையே என்று ஒருவர் கேட்டதற்கு, "அது பழைய பாக்கி, மெல்ல இறங்கும்," என்று விளக்கம் கொடுத்தேன். பழைய பாக்கியை அந்த வாரம்தான் லாரி வந்து சுத்தமாக உறிஞ்சிக்கொண்டு போயிருந்தது. அதையும் இதையும் சேர்த்து யோசிக்கிற மூளை எனக்கு அப்போது வேலை செய்யவில்லை. தினமும் காலையில் கோப்பையின் முன்னால் குந்தி உட்கார்ந்து தண்ணீர் மட்டத்தை விரலால் அளக்கிறவனுக்கு மூளை எங்கிருந்து வேலை செய்யும்?

கார்த்திகை பிறந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடியிலிருந்து அந்தப் பெண் வேகமாக இறங்கி வந்தாள். கணவர் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

"அக்கா, அத்தை எந்திரிக்க மாட்டேங்காவ. கண்ணு செருகிட்டு நிக்கி. அண்ணன கொஞ்சம் வரச் சொல்லுங்க."

தூக்கும்போதுதான் தெரிந்தது, அந்த அம்மா எடையே இல்லை. உதடு வெடித்திருந்தது. காரில் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் டாக்டர் ஒருவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின தோல் அப்படியே நின்றது.

"சுகர் பேஷண்டு. தண்ணியே குடிக்கறது இல்லையா இவங்க? யூரின் இன்ஃபெக்‌ஷன் வேற இருக்கும் போல."

மருமகள் தரையைப் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"குடிக்க மாட்டேங்காவ டாக்டர். குடிச்சா போணும்லா. போனா தண்ணி ஊத்தணும்லா. பதினஞ்சு இருபது நாளாவே இப்படித்தான். நான் செம்புல கொண்டு வெச்சா, அப்படியே ஜன்னல் செடிக்கு ஊத்திருதாவ."

"ஏன்? வீட்ல தண்ணிப் பஞ்சமா?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொல்லியிருக்கலாம். 'டாக்டர், இவர்கள் வீட்டில் ஒரு அறிவிப்பு இருக்கிறது' என்று ஆரம்பித்திருக்கலாம். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.

இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. மறுநாள் சாயங்காலம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்கப் போனபோது அந்த அம்மா கண் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் கால் நீட்டியிருந்ததை மடக்கப் பார்த்தார்கள். முட்டி ஒத்துழைக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். அப்புறம், வீட்டுப் பெரியவர்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்கள்:

"தொட்டி கொறஞ்சிருக்கா ஐயா?"

அதற்கு முந்தின நாள்தான் மறுபடி நிரம்பியிருந்தது.

"கொறஞ்சிருக்கும்மா," என்றேன்.

"நல்லதாப் போச்சு," என்றார்கள்.

வீடு திரும்பியதும் படிக்கட்டு அறிவிப்பைக் கிழித்தேன். பசை பலமாகப் போட்டிருந்தேன், முழுதாக வரவில்லை. 'இப்படிக்கு, தொட்டி' மட்டும் சுவரிலேயே நின்றுவிட்டது. நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாவின் மகன் வேலை முடிந்து வந்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, ஒரு பதினஞ்சு நாள் டைம் குடுங்க. வேற வீடு பாத்துக்கிடுதோம்."

"ஐயோ, நான் போகச் சொல்லலையே தம்பி."

"நீங்க சொல்லல."

"நான் சும்மா வேடிக்கையாத்தான்..."

"தெரியும் அண்ணாச்சி. என் பொண்டாட்டி கூட அதப் படிச்சுட்டுச் சிரிச்சா. ஆனா அம்மை தண்ணி குடிக்கணும்லா?"

இதற்குச் சண்டை போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். சண்டையில் எனக்கு ஜோக் வரும். அவர் அதைச் சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, படி அழுக்காகக் கூடாது என்று, ஈரக் காலோடு மேலே போனார்.

நெமிலிச்சேரியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தது என்றார்கள். கீழ்த்தளம், அறையோடு பாத்ரூம். ஒரு மினி லாரியில் சாமான் ஏறியது. என் மனைவி அந்த அம்மாவுக்குப் பூ கொடுக்கக் கூடாதே என்று யோசித்து, பழமும் ஒரு புடவையும் கொடுத்தாள். நான் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்து இறக்கிக் கொடுத்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், கட்டிலைப் பிடித்திருந்தபோதே எனக்குள் ஒருவன், 'அப்பாடா, இனி லாரிச் செலவு இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் போன மறுநாள் லாரியைக் கூப்பிட்டு, கடைசி லோடு என்று சொல்லி, அடிவரை உறிஞ்ச வைத்தேன். லாரிக்காரருக்கு டீ வேறு.

இரண்டு நாள் கழித்து மனைவியின் ஊரான காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். வீட்டைப் பூட்டிக்கொண்டு போய் மூன்று நாள் இருந்தோம். அங்கேயும் மழை. சொந்தக்காரர்களிடம் என் தொட்டிக் கதையை நடித்துக் காட்டினேன், யானையை விட்டுவிட்டு.

திரும்பி வந்து கதவைத் திறந்தோம். பாத்ரூம் தரை முழுக்கத் தண்ணீர். கோப்பை நிரம்பி வழிந்து, வடிகால் துளையிலும் பொங்கி, படுக்கையறை வாசல்படி வரை வந்து நின்றிருந்தது. மாடி காலி. கீழே ஆள் இல்லை. மூன்று நாள் ஒரு சொட்டு நாங்கள் ஊற்றவில்லை. மனைவி புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். என்னைப் பார்த்தாள்.

லாரிக்காரர் வந்து மூடியைத் தூக்கி, ஒரு கம்பை விட்டு எடுத்து, அதில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். மணல்.

"ஊட்ல யாரும் இல்லன்றே. டேங்கு ரொம்பிகீது. அடில காங்கிரீட் போட்டுகீறியா சார்?"

"போடல," என்றேன்.

வீடு கட்டும்போது தெருவில் எல்லோரும் செய்கிற சாமர்த்தியம் அது. தொட்டியின் நாலு பக்கமும் சுவர் எழுப்புவார்கள். அடியில் மட்டும் தரை போடாமல் மணலையும் உடைகல்லையும் கொட்டி விடுவார்கள். தண்ணீரை மண் குடித்துவிடும், லாரி செலவு மிச்சம். கொத்தனார் மட்டும், "தரை போட்டுடலாம் சார், எட்டு மூட்டை சிமெண்டு," என்று கேட்டார். நான்தான், "மண்ணு குடிக்கட்டும் மேஸ்திரி, அதுக்கும் தாகம் இருக்கும்ல," என்றேன். அன்றைக்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

"மண்ணு குடிக்கும் சார், கோடையில," என்றார் லாரிக்காரர். "மழையில அதுக்கே மூக்குமுட்ட கீது. உன் டேங்குல கக்குது. இது எங்க நைனா நாத்து நட்ட எடம். ஏரித் தண்ணி பாஞ்ச கழனி. எதிர்ல பள்ளமா ஒரு மனை இருந்துச்சே, வருசா வருசம் தண்ணி அதுல நிக்கும். இந்தக் கோடையில பிளாட்டு கட்றோம்னு மண்ணக் கொட்டி மூடிட்டானுங்க. தண்ணிக்கு எடம் வேணாமா? உங்கூட்டாண்ட வந்துச்சு. இத்தினி நாளா ஏரியத்தான் நீ காசு குடுத்து அள்ளிகினு கீறே."

"உள்ள ஆள் யாராவது இறங்கி, அடியில சிமெண்ட் பூசிட்டா..."

என் வாயிலிருந்துதான் வந்தது. அவர் கம்பைக் கீழே வைத்தார்.

"இன்னா சொன்ன சார்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"எறங்குனா ஏறி வரமாட்டான். உனுக்குத் தெரியாதா? பேப்பர் படிக்கிற ஆளு தானே நீ."

தெரியும். படித்திருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் பயம் ஒரு மனிதனை எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு நானே அத்தாட்சியாக அந்த மூடிக்குப் பக்கத்தில் நின்றேன். அன்று அவர் டீ குடிக்காமல் போனார்.

அடுத்த நாள் நெமிலிச்சேரிக்குப் போன் போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு மூன்று ஜோக் யோசித்து வைத்திருந்தேன். அவர் "சொல்லுங்க அண்ணாச்சி" என்றதும் ஒன்றும் வரவில்லை. தொட்டிக்குத் தரை இல்லை, ஊற்றுத்தண்ணீர்தான் நிரம்பியது, உங்கள் பேரில் ஒரு தப்பும் இல்லை என்று கடகடவென்று ஒப்பித்தேன். அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் விசில் கேட்டது.

"சரிங்க அண்ணாச்சி," என்றார்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா. தண்ணி குடிக்கா."

"மாடி காலியாத்தான் இருக்கு தம்பி. வாடகைகூட..."

"இங்க அட்வான்ஸ் குடுத்துட்டோம்லா," என்றார். "வெச்சிருதேன் அண்ணாச்சி, ஷிப்டுக்கு நேரமாச்சு."

மார்கழி முழுக்க இன்னும் மூன்று முறை லாரி வந்தது. தை இரண்டாம் வாரம் மழை நின்று, நிலத்தில் தண்ணீர் மட்டம் இறங்கியது. கூடவே தொட்டியும் இறங்கியது. மாசியில் பக்கத்திலேயே வேறு தொட்டி கட்டினேன், தரையோடு. பழையதை மணல் கொட்டி மூடினோம். மாடிக்கு வைகாசி வரை யாரும் வரவில்லை.